துரை கொடுத்த கிட்டாரும் பெட்டிக்குள் கற்பூர வாசமும்: வாசகர் கேள்வி–பதில்

பழைய இசைக்கருவிகளைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வயலின், ஆர்மோனியம், கிராமபோன் எல்லாம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிட்டார். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. இந்த மலைகளுக்கு எஸ்டேட் துரைமார் வந்தார்கள், லவ்டேலில் 1858-லிருந்து பள்ளி நடக்கிறது, கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் பள்ளி தொடங்கினார்கள், வெலிங்டனில் பட்டாளம். வந்தவர்கள் கொண்டுவந்தார்கள், போகும்போது எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. குன்னூரில் ரிப்பேர் வேலை செய்கிற எனக்கு வருஷத்துக்குச் சில கிட்டார்களாவது இப்படிப் பரணிலிருந்து இறங்கி வருகின்றன. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தாத்தா கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் டீமேக்கராக இருந்தார். 1947-ல் துரை சீமைக்குக் கிளம்பும்போது இந்தக் கிட்டாரைத் தாத்தாவிடம் கொடுத்ததாக வீட்டில் சொல்வார்கள். தலைப்பகுதியில் பெயர் இல்லை, சின்னதாக இரண்டு ஓட்டை மட்டும் இருக்கிறது. உள்ளே பாதி கிழிந்த லேபிளில் "மேட் இன் வெஸ்டர்ன் ஜெர்மனி" என்பதை மட்டும் படிக்க முடிகிறது. கழுத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் கோடு கோடாக இருக்கிறது. தலைக்குப் பின்னால் ஐந்து இலக்க எண், அப்புறம் கொஞ்சம் தள்ளி 61, அதன் பக்கத்தில் டி என்ற ஆங்கில எழுத்து. இதற்கு எத்தனை வயசு? – வாசகி, கோத்தகிரி

அம்மா, நீங்கள் எழுதியிருப்பதிலேயே பதில் முக்கால்வாசி இருக்கிறது. இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியதற்கு முதலில் நன்றி.

பழைய கிட்டாரின் வயசைக் கண்டுபிடிக்க நான் எப்போதும் பிடித்துக்கொள்கிற வழி ஒன்றுதான்: அதில் இருக்கும் பாகங்களில் ஆகக் கடைசியாகப் பிறந்தது எது என்று பார்ப்பது. பின்னால் மாற்றிய பாகமாக இல்லாத வரைக்கும், கிட்டார் அந்தப் பாகத்தைவிட மூத்ததாக இருக்க முடியாது. உங்கள் கிட்டாரில் அந்தப் பாகம் லேபிள்தான். மேற்கு ஜெர்மனி என்று ஒரு நாடு உருவானதே 1949-ல். 1990-ல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாகிவிட்டன. ஆக, இந்தக் கிட்டார் 1947-ல் யார் கையிலும் இருந்திருக்க முடியாது.

இனி அந்தக் கோடுகள். கழுத்தை ஒரே கட்டையில் செதுக்காமல் மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்திருக்கிறார்கள், ஊட்டி வர்க்கியைப் பிய்க்கும்போது அடுக்கு அடுக்காகத் தெரியுமே, பக்கவாட்டில் அப்படித் தெரியும். இது ஃப்ராமஸ் என்ற ஜெர்மன் கம்பெனியின் கைவேலை. 1946-ல் தொடங்கிய கம்பெனி அது. செக்கோஸ்லோவாக்கியாவில் ஷோன்பாக் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக வயலினும் கிட்டாரும் செய்துவந்த ஜெர்மன் பேசும் குடும்பங்கள் இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, பவேரியாவில் எர்லாங்கன் பக்கத்தில் புபன்ராய்த் என்ற சின்ன ஊரில் குடியேறின. ஃப்ராமஸும் ஹாஃப்னர் என்ற இன்னொரு கிட்டார் கம்பெனியும் அங்கே வளர்ந்தவைதான். வீடு வாசலை விட்டு வந்தவர்கள் புது மண்ணில் மறுபடி பட்டறை போட்டுச் செய்த கிட்டார், அங்கிருந்து கப்பலேறி கோத்தகிரிக்கு வந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

தலையில் இருக்கிற இரண்டு ஓட்டையில் பெயர்த்தகடு ஆணி அடித்து நின்றிருக்கும். விரல்பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்பார்கள். முதல் ஃப்ரெட்டுக்கு முன்னால், கம்பி தாங்கும் நட்டை ஒட்டினாற்போல் இன்னொரு ஃப்ரெட் இருக்கிறதா பாருங்கள். ஜீரோ ஃப்ரெட் என்பார்கள், அந்தக் கால ஜெர்மன் கிட்டார்களில் அதிகம் பார்க்கலாம். இருந்தால் நம் ஊகத்துக்கு இன்னொரு சாட்சி.

வருஷமும் அந்த எண்ணிலேயே இருக்கிறது. ஃப்ராமஸ்காரர்கள் வரிசை எண்ணுக்குப் பிறகு வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கத்தையும் மாதத்துக்கு ஓர் எழுத்தையும் போடுவார்கள். ஏ என்றால் ஜனவரி, அப்படியே எண்ணிக்கொண்டு போனால் டி என்பது ஏப்ரல். உங்கள் கிட்டார் 1961 ஏப்ரலில் பிறந்தது.

அப்போ தாத்தா சொன்னது பொய்யா என்று கேட்பீர்கள். இல்லை, அப்படி நினைக்கவே வேண்டாம். வெள்ளைக்காரத் துரைமார் எல்லாரும் 1947-லேயே கிளம்பிவிடவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் ரொம்ப வருஷம் எஸ்டேட்டுகளில் அவர்கள் மேனேஜராக இருந்தார்கள், அறுபதுகளிலும் இருந்தார்கள். "துரை போனபோது கொடுத்தார்" என்பது நிஜமாகவே இருக்கும். துரை போனது என்றாலே 47 என்று பின்னால் வந்தவர்கள் வருஷத்தைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் பழைய குரூப் போட்டோ, தாத்தாவின் சர்வீஸ் சான்றிதழ், துரை எழுதிக்கொடுத்த நற்சான்றுக் கடிதம் ஏதாவது இருந்தால் தேடிப் பாருங்கள். 1961-க்குப் பிறகு கிளம்பிய துரை யார் என்று அதில் தெரிந்துவிடும். கிடைத்தால் அதன் நகலைக் கிட்டார் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

கிழிந்த லேபிளைத் தொடாதீர்கள், மேலே புதுக் காகிதம் ஒட்டவும் வேண்டாம்.

கேள்வி: கொடைக்கானலில் வயதான மிஷனரி குடும்பம் ஒன்று வீட்டைக் காலி செய்தபோது எனக்குக் கிடைத்தது. மார்ட்டின் என்று எழுதியிருக்கிறது. ஒலித்துளைக்குள் பார்த்தால் 00-18 என்றும் அதன் கீழே 88-ல் தொடங்கும் ஐந்து இலக்க எண்ணும் இருக்கின்றன. அசலா? எந்த வருஷம்? கம்பியை முறுக்கும் ட்யூனர் இறுக்கமாக இருக்கிறது, மாற்றிவிடலாமா? – வாசகர், கொடைக்கானல்

மாற்றாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம், ட்யூனர் மேல் கை வைக்காதீர்கள்.

மார்ட்டின் 1833-ல் தொடங்கிய அமெரிக்கக் கம்பெனி, பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற ஊரில் பட்டறை. வயசு பார்க்க இதைப்போல சுலபமான கிட்டார் கிடையாது, ஏனென்றால் 1898-ல் 8000 என்று எண் போடத் தொடங்கியவர்கள் வருஷா வருஷம் எந்த எண்ணில் முடித்தார்கள் என்ற பட்டியல் அப்படியே இருக்கிறது. 1943-ன் கடைசி எண் 86,724. 1944-ன் கடைசி எண் 90,149. உங்களுடைய எண் இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. ஆக 1944. எண்ணோடு மாடலையும் சேர்த்து முத்திரை குத்தும் பழக்கம் 1930 அக்டோபரில் வந்தது, அதுவும் பொருந்துகிறது. 18 என்ற வரிசை என்றால் அந்தக் காலத்தில் பின்பலகையும் பக்கமும் மஹோகனி, மேல்பலகை ஸ்ப்ரூஸ். பின்பலகை செம்பழுப்பாக இருக்கிறதா பாருங்கள்.

எண்ணை யாராலும் குத்திவிட முடியும் என்பதால் எண் மட்டும் பொருந்தினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1944-க்கு என்றே இரண்டு சோதனை இருக்கிறது, இரண்டையும் நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். முதலாவதற்கு ஒரு சின்னக் காந்தம் போதும். கழுத்து வளையாமல் இருக்க மார்ட்டின்காரர்கள் 1934-லிருந்து அதற்குள் இரும்புக் கம்பி வைத்தார்கள். போர்க்காலத்தில் இரும்பு தட்டுப்பாடு ஆனதும், 1942-லிருந்து போர் முடிகிற வரை அதற்குப் பதிலாகக் கருங்காலிக் கட்டையை வைத்தார்கள். மெல்லிய துணியில் காந்தத்தைச் சுற்றி, கம்பிகளைத் தளர்த்திவிட்டு, விரல்பலகை மேல் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மெல்ல நகர்த்துங்கள். எங்கேயும் இழுக்கவில்லை என்றால் உள்ளே இருப்பது கருங்காலி, உங்கள் கிட்டார் போர்க்காலப் பிள்ளை. ட்யூனர் இருக்கிற தலைப்பகுதியில் வைத்துவிட்டு இழுக்கிறது என்று பயப்படாதீர்கள், அங்கே இரும்பு இருக்கத்தான் செய்யும்.

இரண்டாவது, மேல்பலகையின் அடிப்பக்கம். மொபைலை வீடியோவில் போட்டு, டார்ச்சை எரியவிட்டு, ஒலித்துளை வழியாக உள்ளே இறக்குங்கள், மொபைல் பெரிதாக இருந்தால் பல் டாக்டர் வைத்திருக்கும் மாதிரி நீளக் காம்புக் கண்ணாடி போதும். உள்ளே இரண்டு கட்டைகள் எக்ஸ் மாதிரி குறுக்கே போகும். அவை ஒரே உயரமாக நேராக ஓடாமல் நடுவில் குழிந்து வளைந்து செதுக்கியிருந்தால், 1944-ன் கடைசியோடு மார்ட்டின் நிறுத்திய பழைய முறை அது. அதிகம் விரும்பப்படுகிற முறையும் அதுதான். மேல்பலகை சுதந்திரமாக அதிர்வதால் சத்தம் திறந்து கேட்கும். நேர்க்கட்டையாக இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டி வரும்.

ட்யூனர் விஷயத்துக்கு வருகிறேன். பல்சக்கரத்தில் ஊசி முனையால் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, மரத்தில் படாமல் துடைத்து, இரண்டு நாள் மெல்லத் திருப்பிக்கொண்டே இருங்கள், பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். புது ட்யூனர் போட்டால் புது ஓட்டை போடவேண்டும், அந்த ஓட்டை போனால் போனதுதான். இப்படி அருமையான பழைய கிட்டார் ஒன்றை, கீழே சமவெளியில் ஒரு கடையில் "பளபளப்பாக்கித் தருகிறோம்" என்று வாங்கி, மேல்பலகையை உப்புத்தாளால் தேய்த்து, கண்ணாடி மாதிரி பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு அடித்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். எண்பது வருஷ நிறம் ஒரே மத்தியானத்தில் போய்விட்டது. பலகையும் மெலிந்துவிட்டது, சத்தமும் மாறிவிட்டது. கொண்டுவந்தவர் என் பட்டறையில் உட்கார்ந்து அழுதார். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் கிட்டாரில் ஜிப்சன் என்று இருக்கிறது. அமெரிக்கக் கிட்டார் என்றால் நல்ல விலை போகுமாமே? – வாசகர், ஊட்டி

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்து பி இல்லை தம்பி, வி. இது அமெரிக்க ஜிப்சன் இல்லை, கல்கத்தாவில் செய்த கிவ்சன். ஜெர்மன் ஹாஃப்னரை ஞாபகப்படுத்துகிற ஹாப்னர் என்ற இந்தியக் கிட்டாரும் உண்டு, அதிலும் பலர் ஏமாறுகிறார்கள்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எழுபது எண்பதுகளில் இந்த மலையில் முதல் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்த விரல்களில் முக்கால்வாசி இந்த மாதிரி இந்தியக் கிட்டாரில்தான் பழகின, சர்ச் குவையரிலும் கல்லூரி மேடையிலும் ஒலித்தது இவைதான். நம் ஊர் இசை வரலாற்றில் இதற்கு நல்ல இடம் உண்டு.

வயசு பார்க்க, உள்ளே ஒட்டியிருக்கும் கடை லேபிளின் விலாசத்தைப் படியுங்கள். இந்தியக் கிட்டாருக்கு வரிசை எண்ணைவிட இது நம்பகமானது. ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு அச்சான லேபிள். "மெட்ராஸ்–2" என்று ஒற்றை எண்ணோடு நின்றால் அதற்கு முந்தையதாக இருக்க நல்ல வாய்ப்பு, ஆனால் பழக்கதோஷத்தில் பின்னாலும் சிலர் அப்படியே போட்டார்கள் என்பதை மறக்கக்கூடாது. பெட்டியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்து அதில் அணா என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது, நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். சென்னை என்று இருந்தால் 1996-க்குப் பிறகு, கொல்கத்தா என்று ஆங்கிலத்தில் இருந்தால் 2001-க்குப் பிறகு. இவையெல்லாம் பின்னால் யாராவது ஒட்டிய சீட்டாகவும் இருக்கலாம், அதனால் சீட்டின் பசையும் நிறமும் பலகையோடு சேர்ந்து மங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் கிட்டாரின் பின்பலகை ஈட்டி மரம் மாதிரி இருக்கிறது. கூடலூர் மரத்தில் கிட்டார் செய்வார்களா? – வாசகர், கூடலூர்

செய்வார்கள், உலகமே செய்கிறது. ஈட்டி, தோதகத்தி என்று நாம் சொல்கிற மரத்தைத்தான் கிட்டார்காரர்கள் இந்தியன் ரோஸ்வுட் என்கிறார்கள். முன்பெல்லாம் உயர்ந்த கிட்டார் என்றால் பிரேசில் ரோஸ்வுட். அறுபதுகளின் கடைசியில் பிரேசில் தன் மரத்தை முழுக்கட்டையாக வெளியே அனுப்புவதை நிறுத்தியதும், மார்ட்டின் கம்பெனி 1969-ல் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிக்கு மாறியது. அதனால் ரோஸ்வுட் மார்ட்டின் ஒன்று கையில் வந்தால் அது எந்த நாட்டு மரம் என்பதே வயசைச் சொல்லிவிடும். நம் ஈட்டியில் ஊதா கலந்த பழுப்பும் நேராக ஓடும் ரேகையும் இருக்கும், பிரேசில் மரத்தில் சிலந்தி வலை பின்னினது மாதிரி கறுப்புக் கோடுகள் அலையும். படத்தை வைத்துச் சொல்வது கஷ்டம், நேரில் கொண்டுவாருங்கள். பிரேசில் மரமாக இருந்தால் நாடு விட்டு நாடு விற்க முடியாத அளவுக்கு 1992-லிருந்து கட்டுப்பாடு உண்டு. நம் ஈட்டியைக் காக்கவும் 1994-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டார்கள்.

கேள்வி: அப்பாவின் கிட்டார் பெட்டியைத் திறந்தால் கற்பூர வாசம் அடிக்கிறது. யாரும் கற்பூரம் வைக்கவில்லை. ட்யூனரின் குமிழ் தொட்டாலே பொடியாக உதிர்கிறது, உலோகமெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. – ராணுவத்தில் ஓய்வு பெற்ற வாசகர், வெலிங்டன்

ஐயா, அது கற்பூரமேதான். மேல்பலகையில் கீறல் விழாமல் ஒட்டுகிற பழைய பிக்கார்டும் குமிழும் ஓரப்பட்டையும் செல்லுலாய்டு என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை, அதைச் செய்யும்போது கற்பூரத்தைக் கலப்பார்கள். வருஷங்கள் போகப் போக அது சுருங்கி, உடைந்து, கற்பூரத்தோடு அமில ஆவியையும் விடத் தொடங்கும். பெட்டியை மூடியே வைத்திருந்தால் ஆவி உள்ளேயே சுற்றி உலோகத்தை அரிக்கும், பக்கத்தில் இருக்கிற நல்ல குமிழையும் கெடுக்கும்.

உடனே கிட்டாரை வெளியே எடுத்துக் காற்றோட்டமாக வையுங்கள். உதிர்கிற குமிழ்களை மட்டும் எடுத்து, ஒரு டப்பாவில் போட்டு மூடாமல், வீட்டுக்கு வெளியே நெருப்பு அண்டாத இடத்தில் வையுங்கள், ஏனென்றால் செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்த்து அடையாளம் காணச் சொல்லி யாராவது வந்தால் செய்யவே கூடாது. குமிழ் மட்டும் தனியாகப் புதிதாகக் கிடைக்கும், பழைய ட்யூனரிலேயே பொருத்திவிடலாம்.

வயசைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ட்யூனரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலையில் ஒரே கோடா, ப்ளஸ் குறியா என்று பாருங்கள். ப்ளஸ் தலை ஸ்க்ரூ அமெரிக்காவிலேயே 1930-களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது.

கேள்வி: மாமா கொடுத்த யமஹா எஃப்ஜி-180. சிவப்பு லேபிள். பழசா? – கல்லூரி மாணவி, குன்னூர்

பழசுதான் பாப்பா, நல்ல பழசு. யமஹா எஃப்ஜி-180 ஜப்பானில் 1966-ல் வந்தது, சிவப்பு லேபிள் அதன் ஆரம்ப காலத்தது. லேபிளில் நிப்பான் கக்கி என்று இருக்கும், அது கம்பெனியின் பழைய பெயர், யமஹா கார்ப்பரேஷன் ஆனது 1987-ல். மேல்பலகை ஒட்டுப்பலகை என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள், கண்டுகொள்ளாதே. நம் மலை ஈரத்துக்கு ஒட்டுப்பலகை நன்றாகத் தாங்கும், தினமும் எடுத்து வாசிக்கலாம்.

கேள்வி: பரணிலிருந்து எடுத்த கிட்டாரில் ஒரே பூஞ்சை. வீட்டில் நீலகிரித் தைலம் போட்டுத் துடைக்கச் சொல்கிறார்கள். துடைத்த பிறகு உங்களிடம் கொண்டுவரட்டுமா? – வாசகி, லவ்டேல்

துடைக்காமல் கொண்டுவாருங்கள் அம்மா. தைலம் தலைவலிக்கும் சளிக்கும் அருமையான மருந்து, ஆனால் அது பசையையும் பூச்சையும் இளக்கிவிடும். ஸ்டிக்கர் பசையை எடுக்க நாமே அதைத்தானே போடுகிறோம்? பழைய கிட்டார்களுக்கு அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசியிருப்பார்கள், பிற்காலத்தில் லாக்கர் என்ற வேறொரு பூச்சு அடித்தார்கள். எந்தப் பூச்சு என்பதும் வயசைச் சொல்லும் சாட்சி, அது போனால் பிறகு எதைப் பார்ப்பது? தேங்காய் எண்ணெயும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம்.

இப்போதைக்கு மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டிவிடுங்கள், வீட்டுக்கு வெளியே நின்று, மூக்கை மூடிக்கொண்டு. கம்பிகளை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். கணப்பு அடுப்புக்குப் பக்கத்திலோ ஹீட்டருக்கு முன்னாலோ காயவைக்காதீர்கள், ஈரத்தில் ஊறிய பலகை வேகமாகக் காய்ந்தால் வெடித்துவிடும். காற்று வருகிற அறையில் வெயில் படாமல் ஒரு வாரம் கிடக்கட்டும். பெட்டிக்குள் பழைய நாளிதழ், ரசீது, கம்பி உறை, துருப்பிடித்த கிளிப், எது கிடந்தாலும் குப்பை என்று நினைக்காமல் ஒரு கவரில் போட்டு அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.